இருபத்தைந்தாம் தேதி கடை உண்டு

டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி மதியம், வாங்கி நான்கு நாள்கூட ஆகாத காபி மெஷினைத் திருப்பித் தர வந்த ஒருவரிடம், "ஒரு தடவகூட யூஸ் பண்ணலன்னு சொல்றீங்க, உள்ள காபித்தூள் ஈரமா இருக்கே சார்" என்று சிரிப்பு மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பியிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் போனை எடுக்கக் கூடாது. ஆனால் மூன்று வருஷத்தில் என் தம்பி தானாக என்னைக் கூப்பிட்டது, இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு தடவை, அதோடு சரி. இது இரண்டாவது. காபி மெஷின்காரரிடம் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு, விழுந்த பேனாவைத் தேடுகிறவள் மாதிரி கவுண்ட்டருக்குக் கீழே குனிந்து போனைக் காதில் வைத்தேன்.

"டிக்கெட் போட்டுட்டேன்கா. இருபத்தஞ்சு மதியம் வந்துடுவேன்."

"வாடா. வா, வா."

"கடை லீவுதான? உன் பேச்ச நம்பி நான் டிக்கெட் போடல. கடை நம்பருக்கே அடிச்சுக் கேட்டேன். உன் குரல்லயே சொல்லுது, இருபத்தஞ்சு விடுமுறைன்னு. அதுக்கப்புறம்தான் போட்டேன்."

வைத்துவிட்டான். நான் குனிந்தது குனிந்தபடியே இருந்தேன். ஏனென்றால் இந்த வருஷம் இருபத்தைந்தாம் தேதி எங்கள் கடைக்கு விடுமுறை கிடையாது. காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை கடை உண்டு. எனக்கு டியூட்டியும் உண்டு.

இந்தக் குரல் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். ஊசியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை விற்கிற நாலு மாடிக் கடை அது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் எனக்குப் பதினெட்டு வருஷம். சேர்ந்த முதல் மாதமே யாரோ மைக்கைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்தக் கடையின் குரல் நான்தான். "அன்பான வாடிக்கையாளர்களே, இன்னும் பதினைந்து நிமிடங்களில் நமது கடை மூடப்படும்" என்று நாலு மாடிக்கும் கேட்கிற குரல் என்னுடையது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். "வீட்ல பேசறது தகர டப்பா, கடையில பேசறது தேன் பாட்டிலு. ஒரு நாளாவது அந்தப் பாட்டில வீட்டுக்கு எடுத்துட்டு வாயேன்" என்பார். கடைக்குப் போன் செய்தால் முதலில் பேசுவதும் நான்தான். ஒவ்வொரு டிசம்பரிலும் பின்பக்கத்து அறைக்குப் போய், ரகசிய எண்ணை அழுத்தி, விடுமுறை நாட்களின் கடை நேரத்தைப் பதிவு செய்துவிட்டு வருவேன். நான் சேர்ந்தபோது இருபத்துநாலாம் தேதி இரண்டு மணிக்கே மூடினார்கள்; இருபத்தாறும் விடுமுறை. பிறகு இரண்டு மணி ஆறு மணி ஆயிற்று, ஆறு மணி எட்டாயிற்று. இருபத்தாறு காலை ஏழு மணிக்கே கதவைத் திறந்து தள்ளுபடி என்றார்கள். எல்லாம் நீண்டாலும் இருபத்தைந்து மட்டும் அசையாமல் நின்றது. வருஷத்தில் அந்த ஒரே நாள்தான் கதவு திறக்காது. அந்த ஒரு நாளுக்காக முந்தின நாள் ஜனங்கள் வாங்குகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாள் கடை இல்லை என்று தெரிந்தால் போதும், ஊருக்குள் இனி ரொட்டியே வராது என்பதுபோல் வண்டி வண்டியாகத் தள்ளிக்கொண்டு போவார்கள். ஒரு அம்மாள் பன்னிரண்டு பாக்கெட் நாப்கின் பேப்பர் வாங்கினார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். ரெண்டு பேர் என்றார்.

இந்த வருஷம் அதற்கும் கை வைத்துவிட்டார்கள். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சார்ட். முப்பத்திரண்டு வயதுப் பையன். எதைக் கேட்டாலும் திரையில் ஒரு சார்ட்டைக் காட்டுவான். பதினைந்தாம் தேதி காலை ஏறிக்கொண்டே போகிற ஒரு கோட்டைக் காட்டி, "இருபத்தஞ்சும் திறக்கணும்னு மக்கள் கேக்கறாங்க" என்றான். எந்த மக்கள் என்று யாரும் கேட்கவில்லை. "விருப்பம் இருக்கறவங்க வந்தா போதும், கட்டாயம் இல்ல" என்றான். சாயங்காலத்துக்குள் விருப்பம் இருக்கிறவர்களின் பட்டியலை அவனே அச்சடித்து ஒட்டிவிட்டான். எங்கள் பிரிவிலிருந்து ஒருத்தி வர வேண்டும். என்னோடு வேலை செய்கிற பெண்ணுக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. அவள் என்னைப் பார்த்தாள். "நீ வீட்ல இரு, நான் பாத்துக்கறேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. பெரிய மனுஷி ஆக வேண்டாமா? அன்றைக்குத் தம்பியின் ஞாபகமே எனக்கு வரவில்லை. "கண்டிப்பா வாடா, அன்னிக்குக் கடையே கிடையாது" என்று அவனிடம் சொல்லிப் பத்து நாள்கூட ஆகவில்லை. கடை என்று வந்தால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோகிறது. அதுதான் அவனுடைய புகாரும்.

பதினெட்டாம் தேதி பதிவு செய்யப் போனேன். பதினெட்டு வருஷமாகச் சொன்னதையே வாய் சொல்லிற்று: டிசம்பர் இருபத்தைந்து விடுமுறை. சொன்னதை நான் கவனிக்கவே இல்லை. திரும்பப் போட்டுக் கேட்டபோதும் குரல் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டேன். சார்ட், "முடிஞ்சுதா? சூப்பர்" என்றான். அவனும் கேட்கவில்லை. எங்களைப் போலப் பழகிப்போன ஜென்மங்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அந்தத் தப்பை உலகத்திலேயே சிரத்தையாகக் கேட்டவன் என் தம்பி ஒருவன்தான்.

அவன் ஏன் என் பேச்சை நம்புவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே டிசம்பரில் அம்மா படுத்துவிட்டாள். தம்பி வீட்டில்தான் இருந்தாள். இங்கிருந்து ஆறு மணி நேரப் பயணம். பதினெட்டாம் தேதி கூப்பிட்டான், வந்துடுக்கா என்றான். இந்த வாரம் கூட்டம் நெரியுதுடா, ஞாயிற்றுக்கிழமை வர்றேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கடை பத்து மணி வரை என்று மாற்றினார்கள். இருபத்துநாலு முடிஞ்சதும் ராத்திரி வண்டியிலேயே ஏறிடறேன் என்றேன். அம்மாவுக்குக் குளிர் தாங்கவில்லை என்று அவன் சொன்னதும், எங்கள் கடையிலேயே இருந்ததில் நல்ல போர்வையாக எடுத்து நானே பெட்டியில் வைத்து ஒட்டி அனுப்பினேன். அதை அனுப்பியதும் ஏதோ நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததுபோல் ஒரு நிம்மதி. வெட்கக்கேடு. இருபத்திரண்டாம் தேதி தம்பி கடைசியாகக் கூப்பிட்டான். "உன் கடை எப்ப மூடும்னு கரெக்டா சொல்லுக்கா. அம்மாவ அதுக்கப்புறம் போகச் சொல்றேன்" என்றான். மறுநாள் காலை அம்மா போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் என்னிடம் சண்டை போடவில்லை. சாப்டியா என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. என் வீட்டுக்காரர் நடுவில் நின்று இழுத்து இழுத்து, இந்த வருஷம்தான் அவன் வாயிலிருந்து வர்றேன் என்ற வார்த்தை வந்தது.

தம்பி டிக்கெட் போட்டதாகச் சொன்ன அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"போன் போட்டுச் சொல்லிடு. இதுல என்ன யோசனை?"

"சொன்னா வர மாட்டான்."

"சொல்லாம விட்டா?"

"வரட்டும். நீங்கதான் வீட்ல இருப்பீங்கல்ல. நாலு மணிக்கெல்லாம் நான் வந்துடுவேன்."

"ஆறு மணி நேரம் பஸ்ல உக்காந்து என் மூஞ்சியப் பாக்கவா வர்றான்?"

இருபத்திரண்டாம் தேதி தம்பியைக் கூப்பிட்டேன். எடுத்தான். பஸ் எத்தனை மணிக்கு, ஜன்னல் சீட்டா, ஸ்வெட்டர் எடுத்துக்கோ, படுக்கை எல்லாம் தயார் என்று என்னென்னவோ பேசினேன். "வேற?" என்றான். "வேற ஒண்ணுமில்லடா" என்று வைத்துவிட்டேன். மறுநாளும் அதே கதைதான். நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரிப் பேசத் தெரிந்தவளுக்கு ஒரு ஆளிடம் ஒரு வாக்கியம் சொல்ல வரவில்லை. அந்தப் பதிவை மாற்ற இரண்டு நிமிஷம் போதும். அதையும் செய்யவில்லை. என் தம்பி எதையும் இரண்டு தடவை பார்க்கிறவன். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை திருகுவான். கிளம்புவதற்கு முன்னால் கடை நம்பருக்கு மறுபடி அடிப்பான் என்று எனக்குத் தெரியும்.

இருபத்துநாலாம் தேதி பதினோரு மணிக்கு டோக்கன் எண் அறுபத்துமூன்று என் முன்னால் வந்து நின்றது. கையில் ஒரு பொம்மை ரயில். எட்டு மணிக்கு வாங்கினதாம், அதற்குள் மாற்ற வேண்டுமாம். மாற்றிக் கொடுத்தேன். போகிறபோது, "ஏம்மா, போன்ல நாளைக்கு லீவுங்கறீங்க, வாசல்ல பத்து டு நாலுன்னு ஒட்டியிருக்கீங்க. எதுதான் நெசம்?" என்று உரக்கக் கேட்டார். பக்கத்தில் நின்ற சார்ட் அப்போதே கடை நம்பரை அடித்துக் காதில் வைத்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன.

"என்ன மேடம் இது? ஆறு நாளா இப்படியா ஓடுது? போங்க, இப்பவே மாத்துங்க."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முதலில் தம்பியைக் கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. வேலை முடிந்து, போனை எடுத்து, கடை நம்பருக்கு அடித்து, நாளைக்குக் கடை உண்டு என்று என் குரலிலேயே அவன் கேட்கப்போகிறான். அக்கா மறுபடியும் ஏமாத்திட்டா என்று நினைப்பான். நினைக்காமல் என்ன செய்வான்? டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவான். இன்னொரு தடவை அவன் வர்றேன் என்று சொல்ல எத்தனை வருஷம் ஆகுமோ.

ரகசிய எண்ணை அழுத்தினேன். பீப் சத்தம் வந்தது. தேன் பாட்டிலைத் திறந்தேன். "வணக்கம். டிசம்பர் இருபத்தைந்து அன்று நமது கடை காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை திறந்திருக்கும். இருபத்தாறு அன்று காலை ஏழு மணிக்குத் திறக்கப்படும். நன்றி." அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. என் தொண்டையிலிருந்து வீட்டுக் குரல் வந்தது. "தம்பி, வா. நான் கடையிலதான் இருப்பேன். சொல்லாம விட்டது தப்புதான். நாலு மணிக்கு முடிஞ்சுடும். நீ வா."

ஒன்றை அழுத்தினால் பதிவாகும், இரண்டை அழுத்தினால் மறுபடி பேசலாம். இரண்டை அழுத்தத்தான் விரலைக் கொண்டுபோனேன். சத்தியமாக அப்படித்தான். அப்புறம் ஒன்றை அழுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டோக்கன் எண் அறுபத்துநாலைக் கூப்பிடப் போனேன். சார்ட் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நல்லவேளை, இந்தத் தடவையும் அவன் கேட்கவில்லை.

இருபத்தைந்தாம் தேதி காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்தோம். உள்ளே பதினோரு பேர் வேலைக்கு, ஒரு ஆள் வாங்குவதற்கு. மேலே போகிற எஸ்கலேட்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் ஒரு மாதமாகத் தேய்ந்த அதே மணியோசைப் பாட்டு. ஏசியை யாரும் குறைக்காததால் குளிர் எலும்பில் இறங்கிற்று. பேட்டரி இல்லாத பொம்மையை வாங்கிவிட்டு வீட்டில் பிள்ளை அழுகிறது என்று ஒருத்தி ஓடிவந்தாள். பேட்டரியை வாங்கிக்கொண்டவள் நேரே என் கவுண்ட்டருக்கு வந்து, "நேத்து போன்ல பேசினது நீங்கதான? வந்துட்டாரா உங்க தம்பி?" என்று கேட்டாள். எனக்கு முகம் சுட்டது. இன்னும் இல்லை என்றேன். அவளுக்குப் பின்னால் வந்தவன் இருபது வயதுப் பையன். "அக்கா, கூப்பிட்டீங்களாமே" என்று சொல்லிச் சிரித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனான். பன்னிரண்டு மணிவாக்கில் ஒரு கிழவர், எழுபத்தைந்து வயதாவது இருக்கும், டோக்கனெல்லாம் முறையாக எடுத்துக் காத்திருந்து வந்தார். என்ன வேணும் ஐயா என்றேன். "ஒண்ணும் வேணாம்மா. என்னத் தம்பின்னு கூப்பிட்டு நாப்பது வருஷம் ஆச்சு. அந்தக் குரல் யாருதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். பிறகு வந்ததுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று ஒரு டார்ச் லைட் வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு மணிக்குச் சார்ட் வந்து கவுண்ட்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டான். "மேலிடத்துலருந்து போன். யாரந்தத் தம்பின்னு கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாடிக்கையாளர் உறவை மேம்படுத்தறோம்னு சொல்லி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை இதப் பத்திப் பேசணும் மேடம்." போகத் திரும்பியவன் நின்றான். "இதுவரைக்கும் எத்தன தம்பி வந்தாங்க?"

"எட்டு."

"உங்க தம்பி?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

ஒன்றரைக்கு வீட்டுக்காரர் செய்தி அனுப்பினார்: பஸ் வந்துவிட்டது, இறங்கினவர்களில் தம்பி இல்லை, போனும் எடுக்கவில்லை. படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அழுகை வரவில்லை. இப்படித்தான் நடக்கும் என்று எங்கேயோ தெரிந்திருந்தது. அம்மாவுக்குச் செய்ததற்கு இதுகூட இல்லையென்றால் எப்படி என்று தோன்றிற்று. திருப்பி வாங்கிய பொருட்களின் ரசீதுகளை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். மூன்று மணிக்கு டோக்கன் மெஷின் கரகரவென்று ஒரு சீட்டைத் துப்பும் சத்தம் கேட்டது. இன்னொரு தம்பி என்று நினைத்து, நிமிராமலே பொத்தானை அழுத்தினேன். பலகையில் ஒன்பது விழுந்தது. "டோக்கன் எண் ஒன்பது" என்றேன்.

வந்து நின்றவனின் ஸ்வெட்டரைத்தான் முதலில் பார்த்தேன். முழங்கைத் தையல் அம்மா போட்டது. தலையின் முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. மூன்று வருஷத்தில் இவ்வளவா? கக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி. அதைக் கவுண்ட்டரில் வைத்தான்.

"இதத் திருப்பிக் குடுக்கணும்," என்றான்.

பெட்டியின் மேல் என் கையெழுத்து. ஒட்டின டேப் ஒட்டினபடியே இருந்தது, ஓரம் மட்டும் மஞ்சளாகியிருந்தது.

"பஸ்ல வரலன்னாரே மாமா..."

"முன்னாடி ஸ்டாப்புலயே இறங்கிட்டேன். அங்கேருந்து இங்க பக்கம்னு சொன்னாங்க. பக்கமே இல்ல. ஒண்ணே கால் மணி நேரம் நடந்தேன்."

"கடை நம்பருக்குப் போன் பண்ணிக் கேட்டியா?"

"மூணு தடவ கேட்டேன்." டோக்கன் சீட்டை விரலில் சுருட்டிக்கொண்டே சொன்னான். "இத எடுத்துக்கறியா மாட்டியா?"

"முப்பது நாளைக்குள்ள கொண்டுவரணும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் உதடு லேசாகக் கோணிற்று. சின்ன வயதில் சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் செய்வான்.

"பிரிக்கவே இல்லியேடா."

"வந்தப்ப அம்மா இல்ல. யாருக்குன்னு பிரிக்கறது?"

கத்தியை எடுத்து டேப்பைக் கீறினேன். கத்தி நேராகப் போகவில்லை. அவன் பெட்டியைப் பிடித்துக்கொண்டான். கருநீலப் போர்வை, மடிப்பு குலையாமல் இருந்தது. அதன் மேல் ஒரு துண்டுக் காகிதம். அதை வைத்ததே எனக்கு மறந்துவிட்டது. தம்பிதான் எடுத்தான். கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தான். பிறகு என்னிடம் நீட்டினான். அம்மா, கடை முடிஞ்சதும் வந்துடறேன் என்று எழுதியிருந்தேன்.

என் கண்ணிலிருந்து வழிந்ததை நான் துடைக்கவில்லை. வரிசையில் யாரும் இல்லாதது நல்லதாயிற்று.

"நாலு மணிக்குத்தான முடியும்?" என்றான்.

"நாலு மணிக்கு."

"சரி. இருக்கேன்."

போர்வையை எடுத்துக்கொண்டு போய்க் காத்திருப்பவர்களுக்கான நாற்காலிகளில் நடு நாற்காலியில் உட்கார்ந்தான். ஏசிக் காற்று நேராக விழுகிற இடம் அது. கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தான். பிறகு மடிப்பைப் பிரித்து முழங்கால் மேல் போட்டுக்கொண்டான். பிறகு தோள் வரை இழுத்துக்கொண்டான். நான் வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். யாரோ ஒருவர் டோக்கன் எடுக்காமல் நேரே வந்து ஏதோ கேட்டார், ஏதோ சொல்லி அனுப்பினேன். பொத்தானை மட்டும் நான் தொடவில்லை. பலகையில் ஒன்பது அப்படியே இருந்தது.

நாலு மணி ஆகப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது மைக்கை எடுத்தேன். தேன் பாட்டிலைத் தேடினால் கிடைக்கவில்லை. இருக்கிற குரலிலேயே பேசினேன். "அன்பான வாடிக்கையாளர்களே, இன்னும் பதினைந்து நிமிடங்களில்..." பத்தடி தூரத்தில் நான் நிற்கிறேன். என் தம்பி என்னைப் பார்க்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து தலையைத் தூக்கி, கூரையில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.